அவசரப்படாமல் திரும்பி வா

அன்புள்ள மருமகனுக்கு,

நேரில் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாய். எழுதினால் இரண்டாம் முறையும் படிப்பாய் என்று நம்பி மாமா எழுதுகிறேன்.

நீ வெளியே வந்ததிலிருந்து பார்க்கிறேன். பகலில் கிடங்கு வேலை, இரவில் சாப்பாடு டெலிவரி, நடுவில் விட்ட படிப்பைத் தொடரும் நினைப்பு வேறு. உள்ளே போன வருடங்களை ஒரே வருடத்தில் மீட்டுவிடத் துடிக்கிறாய். உன் பழைய கூட்டாளிகளைவிட இந்த வேகம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உடம்பு களைத்து, கையில் காசும் நிற்காத ஒரு ராத்திரியில் ‘இதற்கா இவ்வளவு பாடு?’ என்று தோன்றும். அப்போதுதான் பழைய நம்பருக்கு விரல் போகும்.

நம் ஜூரோங் பக்கத்திலேயே பார். டேரன் டான் பல வருடம் சிறையில் இருந்தவர். சிறைப் பள்ளியில் ஏ நிலைத் தேர்வு எழுதி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். கும்பலில் திரிந்து சிறை சென்ற கிம் வை கீ, லாசால் கலைக் கல்லூரியில் படித்து மண்பாண்டக் கலைஞரானார். இருவரும் சேர்ந்து தாமான் ஜூரோங்கில் இளையர்களுக்காக ‘பீக்கன் ஆஃப் லைஃப்’ அமைப்பைத் தொடங்கினார்கள். செய்தியில் நாம் பார்ப்பது அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தை. ஆனால் டேரன் தன்னைவிட வயதில் குறைந்தவர்களோடு ஒரே வகுப்பில் நான்கு வருடம் உட்கார்ந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உன்னால் அப்படிப் பணிந்து உட்கார முடியுமா? முடியும் என்றால் மற்றது தானாக வரும்.

கதவே இல்லை என்றும் சொல்லாதே. 1990களின் கடைசியில் விடுதலையானவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் மறுபடி உள்ளே போனார்கள். இப்போது அது பத்தில் இரண்டு என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. 2004இல் முன்னாள் கைதிகளுக்கான மஞ்சள் ரிப்பன் திட்டம் வந்தபின் வேலை கொடுக்கும் முதலாளிகள் கூடியிருக்கிறார்கள். கேட்க வெட்கப்படாதே.

பதினேழு வயதில் நீயாகத் தேர்ந்தெடுத்தது மின்சார வேலை. அதை நீ விட்டது படிப்பு கசந்ததால் அல்ல. மாலையில் யாரோடு உட்கார்ந்தாய் என்பதால். அதையே மறுபடி எடு. மின்பணியாளர் உரிமத்தின் முதல் படியே 45 கேவிஏ மின்சுமை வரை வேலை செய்ய விடும். புளோக் வீடுகளும் சின்னக் கடைகளும் அதற்குள் அடங்கிவிடும். ஒரு குடும்பம் கௌரவமாகச் சாப்பிட அது போதும்.

ராத்திரி டெலிவரியை விடு. பணம் குறையும், அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவளுக்கு உன் சம்பளத்தைவிட நீ பத்து மணிக்கு வீட்டில் இருப்பதுதான் வேண்டும். பழைய பையன்களைத் திட்டவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். பூன் லே பிளேஸ் உணவுச் சந்தைக்கு நாசி லெமாக் வாங்கப் போனால் கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடு. அங்கே உட்காராதே.

சனிக்கிழமை படிப்பு விண்ணப்பத்தையும் உன் பழைய மதிப்பெண் தாள்களையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. நடுவில் விட்ட வருடங்களுக்கு என்ன காரணம் எழுதுவது என்றுதானே தள்ளிப்போடுகிறாய்? உள்ளதையே எழுதுவோம், நான் பக்கத்தில் இருக்கிறேன்.

அன்புடன்,
மாமா