ஆதார் அட்டை உங்களை 'லோக்கல்' ஆக்காது

கேள்வி: ஹைதராபாத்தில் 11 வருடமாக ஹோம் கார்டாக இருக்கிறேன். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். மூன்றாம் வகுப்புவரை அங்கே படித்தேன். நான்காவது முதல் செகந்திராபாத்தில். கான்ஸ்டபிள் தேர்வில் போதுமான மதிப்பெண் இருந்தும், சான்றிதழ் சரிபார்ப்பில் 'நான்-லோக்கல்' (உள்ளூர்க்காரர் அல்ல) என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆதார், வாக்காளர் அட்டை, கேஸ் புத்தகம் எல்லாமே இந்த ஊர் முகவரிதான். 'ஹைதராபாத் ஃப்ரீ ஸோன்' என்கிறார் மாமா. ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. வழக்குப் போடலாமா?
- வாசகர், செகந்திராபாத்

பதில்: மாமா சொல்வது பழைய கதை. 1975-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் 14(எஃப்) பிரிவு, ஹைதராபாத் மாநகரப் போலீஸ் பணியிடங்களை உள்ளூர் ஒதுக்கீட்டுக்கு வெளியே, அதாவது 'ஃப்ரீ ஸோன்' ஆக வைத்திருந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அப்படியே வர, தெலங்கானா கொதித்தது. 2011-ல் பிரிவையே நீக்கினார்கள். இப்போது நடப்பில் இருப்பது, அரசியல் சட்டத்தின் 371-டி பிரிவின் கீழ் வந்த 2018 ஆணை. 95 சதவீத இடம் உள்ளூர்க்காரர்களுக்கு.

யார் உள்ளூர்க்காரர்? உங்கள் வழக்கே இதில்தான் நிற்கிறது. இன்று எங்கே குடியிருக்கிறீர்கள் என்று ஆணை கேட்கவில்லை. ஒன்று முதல் ஏழாம் வகுப்புவரை எங்கே படித்தீர்கள் என்று கேட்கிறது. அந்த வருடங்களில் பள்ளிக்கே போகாதவர்களுக்குத்தான் குடியிருப்புச் சான்று. நீங்கள் சொல்வது நிஜமானால், வெளியே மூன்று வருடம், இங்கே நான்கு. கணக்கு உங்கள் பக்கம்! ஒரு சிக்கல்: பள்ளி ஹைதராபாத் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறதா? செகந்திராபாத் என்று வாயால் சொல்லிக்கொண்டு மல்காஜ்கிரியில் படித்தவர்கள் ஏராளம். அது வேறு மாவட்டம்.

நீங்கள் அனுப்பிய உறையில் 14 ஜெராக்ஸ். கரண்ட் பில்கூட இருக்கிறது. பள்ளிச் சான்று ஒன்றுகூட இல்லை. சரிபார்ப்புக்கும் இதே கட்டோடுதான் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அறிவிக்கையில் கேட்ட காகிதத்தை விட்டுவிட்டுக் கேட்காததை எல்லாம் நீட்டினால் அதிகாரி என்ன செய்வார்? அதன்பிறகு ஒன்றரை வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன் என்று நீதிபதியிடம் சொல்ல முடியாது. உங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் இந்நேரம் பயிற்சி முடித்து லத்தியோடு நிற்பார்கள். அவர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டிவரும். தாமதத்தைக் காரணம் காட்டியே மனுவைத் தள்ளுபடி செய்யவும் இடமுண்டு.

11 வருடப் பணியை ரொம்ப நம்பவேண்டாம். ஊர்க்காவல் படை சட்டத்தின் பார்வையில் தொண்டர் படை. 2015-ல் ஹிமாச்சல் ஹோம் கார்டுகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் படிக்காசை உயர்த்தச் சொன்னதே தவிர, பணி நிரந்தரம் தரவில்லை. படைக்கு ஆள் எடுக்கும்போது உள்ளூர்வாசியா என்று பார்த்திருப்பார்கள். அந்த அளவுகோல் வேறு, கான்ஸ்டபிள் தேர்வுக்கு உரியது வேறு.

முதலில் பள்ளிக்குப் போய், நான்கு முதல் ஏழுவரை வருடவாரியாகப் படிப்புச் சான்று வாங்குங்கள். தலைமை ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையும் அவசியம். பள்ளி மூடிவிட்டார்கள் என்றால் மாவட்டக் கல்வி அலுவலகம். விழுப்புரம் சான்றும் வேண்டும், மறைக்காதீர்கள். நிராகரித்ததற்கு எழுத்துபூர்வ உத்தரவு இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

பள்ளிச் சான்று எதையும் பார்க்காமல், உங்கள் கடிதத்தையும் அந்த ஜெராக்ஸ்களையும் மட்டும் வைத்துச் சொல்லும் கருத்து இது. தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பணி வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரை நேரில் பாருங்கள். அறிவிக்கையின் முழுப் பிரதியோடு, இந்த வாரமே.