தெரிந்து தேர்வோம்

நுழையும்முன்

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு வாடகை வீடு புதிதன்று. சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் உரிமையாளரின் இசைவு வேண்டும். அவர் காலி செய்யச் சொன்னால் வேறு வீடு தேட வேண்டும். கணினி உலகிலும் வாடகை வீடும் சொந்த வீடும் உண்டு. அவற்றுள் ஒன்றை எவ்வாறு தேர்வது என்பதனை இப்பாடத்தில் அறிவோம்.

சேவையகமும் இயங்குதளமும்

மாணவர்களே! தேர்வு முடிவைக் கைப்பேசியில் பார்க்கிறீர்கள். அம்முடிவை உங்களுக்கு அனுப்பியது எது? கேட்போர்க்குக் கேட்டதை எடுத்து வழங்கும் கணினியே சேவையகம். பேச்சுவழக்கில் இதனைச் 'சர்வர்' என்பர். வீட்டுக் கணினியை இரவில் அணைத்துவிடலாம். சேவையகமோ இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். அதன் வன்பொருளையும் மென்பொருள்களையும் இணைத்து ஆள்வது இயங்குதளம் ஆகும்.

மென்பொருளை ஆக்குவோர் எழுதும் கட்டளைகளின் தொகுதி மூலநிரல் எனப்படும். மூலநிரலை மறைத்துவைத்துப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் விற்பது ஒரு முறை. அதனை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமம் அளிப்பது மற்றொரு முறை. இரண்டாவதே திறந்த மூல முறை.

1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இம்முறையில் வளர்ந்தது. லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் கரு. அதனோடு பிற மென்பொருள்களைச் சேர்த்து, டெபியன், உபுண்டு எனப் பல வழங்கல்களைப் பல குழுக்கள் வெளியிடுகின்றன.

இதற்கு நம் நகரத்திலேயே சான்று உண்டு. 130 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு எண் வழங்கியுள்ள ஆதார் திட்டத்தின் தொழில்நுட்ப மையம் பெங்களூரில் உள்ளது. ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருக்கும் நிலையைத் தவிர்க்கும்பொருட்டு, அத்திட்டம் திறந்த மூல மென்பொருள்களைப் பெரிதும் பயன்படுத்துகிறது.

எதைக் கொண்டு தேர்வது?

வழங்கல்கள் பல இருக்கும்போது, அழகையோ புதுமையையோ கண்டு ஒன்றைத் தேர்தல் கூடாது. மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

முதலாவது, எத்தனை ஆண்டு பராமரிப்பு கிடைக்கும்? மென்பொருளில் ஓட்டைகள் அவ்வப்போது கண்டறியப்படும். அவற்றை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோனால், சேவையகம் பூட்டில்லாத வீடாகிவிடும். டெபியனின் ஒவ்வொரு நிலைப்பதிப்பும் ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் திருத்தங்களைப் பெறும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கும் ஐந்தாண்டுகள் உண்டு.

இரண்டாவது, நமக்குத் தேவையான மென்பொருள்கள் அதில் இயங்குமா?

மூன்றாவது, பழுது நேர்ந்தால் சரிசெய்யத் தெரிந்தவர் நம்மிடம் உள்ளனரா? உரிமத்திற்கு விலை இல்லாதிருக்கலாம். பராமரிப்புக்கு உழைப்பு வேண்டும். சொந்த வீட்டின் கூரை ஒழுகினால் நாமே ஆள் தேட வேண்டுமல்லவா?

சென்ட்ஓஎஸ் கற்பித்த பாடம்

சென்ட்ஓஎஸ் என்னும் வழங்கல், ரெட்ஹேட் நிறுவனத்தின் மூலநிரலைக் கொண்டு ஆக்கப்பட்டு விலையின்றி அளிக்கப்பட்டது. உலகெங்கும் பல நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அதனை நம்பித் தம் சேவையகங்களை நிறுவின. அதன் எட்டாம் பதிப்புக்கு 2029 வரை பராமரிப்பு கிடைக்கும் என்றே அனைவரும் எண்ணியிருந்தனர். ஆனால், 2020 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. 2021-ஆம் ஆண்டின் இறுதியோடு அப்பதிப்புக்கான பராமரிப்பு நின்றுவிடும் என்பதே அது. எட்டாண்டுக்கும் மேற்பட்ட நம்பிக்கை ஓராண்டாகச் சுருங்கியது. எண்ணற்ற சேவையகங்களை வேறு தளத்திற்கு மாற்றும் பணி பலர் தலையில் விழுந்தது.

மூடிய மென்பொருளாயின் கதை அத்துடன் முடிந்திருக்கும். இங்கோ மூலநிரல் திறந்திருந்தது. சென்ட்ஓஎஸ் தொடக்கக் காலத்தில் பங்காற்றிய கிரிகோரி கர்ட்சர் புதிய வழங்கல் ஒன்றைத் தொடங்கினார். மறைந்த தம் தோழர் ராக்கி மெக்காவின் நினைவாக அதற்கு 'ராக்கி லினக்ஸ்' எனப் பெயரிட்டார். அதேபோல் 'அல்மாலினக்ஸ்' என்னும் வழங்கலும் தோன்றியது. இரண்டும் 2021-ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டிற்கு வந்தன. கட்டியவர் விலகினாலும் வீட்டின் வரைபடம் மக்களிடம் இருந்தமையால் வேறு கொத்தனார்கள் பணியைத் தொடர்ந்தனர்.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. திறந்த மூலம் என்பதனாலேயே வாக்குறுதி நிலைத்துவிடாது. ஆகவே ஒரு வழங்கலைப் பராமரிப்பவர் யார் என ஆராய்தல் வேண்டும். எனினும், வாக்குறுதி தவறும்போது மீளும் வழியைத் திறந்த மூலம் அடைத்துவிடுவதில்லை.

தமிழிலும் ஓர் இயங்குதளம்

சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை உருவாக்கியது. 2007-இல் வெளிவந்த இது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கக்கூடியது. பிறர் ஆக்கியதைத் திருத்தி நம் மொழிக்கு உரியதாக்கும் உரிமை இருந்தமையால் இது கைகூடிற்று.

நாளை நீங்களும் ஒரு சேவையகத்தின் பொறுப்பை ஏற்கலாம். அப்போது "விலை என்ன?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "யார் காப்பார்? எத்தனை ஆண்டு காப்பார்? அவர் கைவிட்டால் நாம் என்ன செய்வோம்?" என்றும் கேளுங்கள்.

சொல்லும் பொருளும்

இசைவு – சம்மதம்
உரிமம் – பயன்படுத்த அளிக்கப்படும் அனுமதி
வன்பொருள் – கணினியின் தொட்டுணரத்தக்க உறுப்புகள்
கைகூடிற்று – நிறைவேறியது

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. சேவையகம் 2. கட்டியவர் 3. பெயரிட்டார்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மூலநிரல் என்றால் என்ன?
2. பாதுகாப்புத் திருத்தம் நின்ற சேவையகம் எதனோடு ஒப்பிடப்பட்டுள்ளது?
3. ராக்கி லினக்ஸ் யாருடைய நினைவாகப் பெயர் பெற்றது?

இ. சிந்தித்து எழுதுக.
1. உங்கள் பள்ளி நூலகத்திற்கு ஒரு சேவையகம் அமைக்க வேண்டும். அது ஐந்தாண்டு இயங்க வேண்டும். ஆசிரியர் ஒருவருக்கு உபுண்டு பழக்கம். நீங்கள் எதனைத் தேர்வீர்கள்? காரணம் தருக.
2. திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தைப் படித்து, இப்பாடத்தோடு பொருந்தும் கருத்து ஒன்றை உங்கள் சொற்களில் எழுதுக.