மலாக்காவிலிருந்து வானொலிக்கு வரும் இளம் அறிவிப்பாளருக்கு

மலேசிய வர்த்தக வானொலிகளுக்கு எத்தனை நேயர்கள் என்ற கணக்கு நாட்குறிப்பு முறையில் எடுக்கப்படுகிறது. முன்பு நீல்சனும் பிறகு ஜிஎஃப்கே நிறுவனமும் இதைச் செய்தன. ஜிஎஃப்கேயின் ஒரு சுற்றில் தீபகற்பம் முழுவதிலும் ஏறத்தாழ 6,000 பேர் சேர்க்கப்பட்டார்கள். எந்தக் கால்மணி நேரத்தில் எந்த நிலையத்தைக் கேட்டார் என்று ஒவ்வொருவரும் ஒரு வாரம் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் குறிப்புகளிலிருந்து இரண்டு எண்கள் பிறக்கின்றன: வாரத்தில் ஒருமுறையேனும் கேட்டவர் எத்தனை பேர் என்பது ஒன்று, கேட்ட மொத்த நேரத்தில் நிலையத்தின் பங்கு எவ்வளவு என்பது மற்றொன்று. விளம்பரப் பலகையில் ஏறும் லட்சங்கள் முதல் எண்ணைச் சேர்ந்தவை. ஒரு நிகழ்ச்சி நேயரைப் பிடித்து வைத்திருக்கிறதா என்பதைச் சொல்வது இரண்டாவது எண். புதியவர் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

இந்தக் கணக்கில் மலாக்காத் தமிழர் எங்கே இருக்கிறார்கள்? மாநிலத்தின் மக்கள்தொகை பத்து லட்சத்தை ஒட்டியது. இந்தியர் நூற்றுக்கு ஆறு பேர் அளவில். மக்கள்தொகை விகிதத்தில் பிரித்தால், அந்த 6,000 நாட்குறிப்புகளில் மலாக்கா இந்தியருக்குக் கிடைப்பவை பதின்மூன்றோ பதினான்கோதான். ஜாசினிலிருந்து அலோர் காஜா வரை உள்ள அத்தனை தோட்டங்களுக்கும் தாமான் குடியிருப்புகளுக்கும் அவ்வளவே. அதில் இரண்டு பேர் நிலையம் மாற்றினால் எண் தலைகீழாகும். ஆகவே கேட்போர் கணக்கை வைத்து மலாக்காவில் எது எடுபடும், எது எடுபடாது என்று முடிவுகட்டுவது வீண்வேலை.

நாட்குறிப்பில் வராத இன்னொன்றும் உண்டு. ஆயர் குரோ, பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டைகளுக்கு விடியுமுன் ஆள் ஏற்றும் பேருந்துகளில் நிலையத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஓட்டுநர். பின்னிருக்கையில் தூங்கிவழியும் பெண் எதைக் கேட்டதாக எழுதுவாள்? செம்பனைத் தோட்டத்தில் பெரட்டு எனும் காலை ஆள்கணக்கு முடிந்து வேலைக்குப் போகிறவர் கைப்பேசியில் ஒரு பாட்டு, அரைச் செய்தி என்று கேட்பதும் கால்மணிக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை.

செய்தியா அரட்டையா என்ற போட்டி தமிழில் இரண்டு நிலையங்களைச் சுற்றியே நடக்கிறது. மலேசிய வானொலி தொலைக்காட்சியின் தமிழ்ப் பிரிவு பல பெயர்கள் மாறி, 2005இல் மின்னல் எஃப்எம் ஆனது. அரசு நிலையம் என்பதால் செய்தியும் தகவலும் அதன் கடமைகளில் அடங்கும். ராகா, 1994இல் தொடங்கிய டிஎச்ஆர் வானொலியின் வழிவந்தது; இன்று அஸ்ட்ரோவின் கையில் இருக்கிறது. பாட்டு, காலைக் கலகலப்பு, பரிசுப் போட்டி ஆகியவை அதன் பலம். இரண்டும் கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டவை. மாநிலத்தின் சொந்த நிலையமான மலாக்கா எஃப்எம் மலாய் மொழி நிலையம். மின்னலில் பேசும் செய்தி நாட்டுச் செய்தி, ராகாவில் பேசும் வம்பு தலைநகர வம்பு. இரண்டுக்கும் நடுவில் மலாக்காவின் ஊர்ச்செய்தி விடுபட்டுப்போகிறது. தமிழ் வானொலியின் உண்மையான குறை இதுதான். செய்திக்கும் அரட்டைக்கும் நடக்கும் சண்டையைப் பெரிதாகப் பேசுவோர் இதைக் கவனிப்பதில்லை.

ஊர்ச்செய்தியின் மதிப்பு நெருக்கடியில் தெரியும். 1991இல் டுரியான் துங்கல் அணை வற்றி மலாக்காவே தண்ணீருக்குத் தவித்தது. 2020 தொடக்கத்தில் மறுபடியும் பங்கீட்டு முறை வந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் ஒரு குடும்பத்துக்கு வேண்டியது எந்தத் தாமானில் எந்த நாள், எத்தனை மணிக்குக் குழாய் திறக்கும் என்ற ஒரு வரி. தமிழில் அந்த வரியைச் சொல்ல யாராவது இருந்தால், அன்று நேயர் அரட்டைக்காரரையும் மன்னித்துக் கேட்பார்.

மலாக்காவிலிருந்து வரும் அறிவிப்பாளருக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. செய்திப் பிரிவில் சேர்ந்தால் அறிக்கையைப் படிப்பதோடு நிற்காமல், மெர்லிமாவ் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் பதிந்தார்கள் என்று தலைமையாசிரியரைக் கேட்டுப் பழக வேண்டும். காலை நிகழ்ச்சிக்குப் போனால், வந்த அழைப்பை நையாண்டியில் முடித்துவிடாமல், அழைத்தவர் எந்தத் தோட்டம், அங்கே வேலை எப்படி, லயன் வீடுகள் காலியாகின்றனவா என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். நகைச்சுவை அதனால் கெடாது. தோட்டத்து ஆட்கள் தங்கள் கஷ்டத்தைச் சிரிப்போடு சொல்லத் தெரிந்தவர்கள். அப்படிக் கேட்டு வாங்கிய பேச்சிலிருந்தே மறுநாள் செய்திக்கும் ஆள் கிடைப்பார், அவருடைய தொலைபேசி எண்ணும் கிடைக்கும்.