நாலு அங்குலம் என்று சொன்னார்கள்

கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். ஒரு பாகத்தின் தடிப்பு சில மைக்ரான் கூடிவிட்டால் அதைத் தனியே எடுத்து வைத்துச் சிவப்பு அட்டை ஒட்டுவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன், சொந்த வீட்டு வாசலில் கிடந்த கான்கிரீட்டின் தடிப்பை அளக்காமலே அதை உடைக்க விலை பேசினேன். 4,800 வெள்ளியில் தொடங்கிய வேலை 11,380 வெள்ளியில் முடிந்தது.

எங்கள் வீடு பண்டார் பாரு மாவட்டத்தில், செர்டாங் பக்கத்துத் தாமான் ஒன்றில் இருக்கும் வரிசை வீடு. தோட்டத்து லயத்தை விட்டு வந்த அப்பா 1984இல் வாங்கினார். உங்கள் வீடும் அந்தக் காலத்து வீடாகத்தான் இருக்கும், உங்கள் அப்பாவும் சிமெண்டை நம்பியவராகத்தான் இருந்திருப்பார் என்ற தைரியத்தில் சொல்கிறேன். சாலைக்கு ஒவ்வொரு முறை புதுத் தார் போடும்போதும் சாலை உயர்ந்தது. சாலை உயர்ந்தால் மழைத்தண்ணீர் வாசலுக்கு வரும். அப்பா விடுவாரா? 1995இல் ஒரு முறையும் 2007இல் ஒரு முறையும் தானே கலந்து, தானே ஊற்றி வாசலை உயர்த்தினார். கார் போர்ச் என்று நாங்கள் சொல்வதை அம்மா இன்றைக்கும் அஞ்சடி என்றுதான் சொல்வார். அந்த அஞ்சடி கடைசியில் கூடத்தைவிட ஒரு அங்குலம் மேலே போய்விட்டது. தண்ணீர் சாலையிலிருந்து வருவது நின்றது, வாசலிலிருந்து கூடத்துக்குள் வர ஆரம்பித்தது.

அப்பா இருந்தவரை யாரும் வாய் திறக்கவில்லை. அவர் 2019இல் போனார். சென்ற வருடம் மகளுக்குப் பரிசம் போடத் தேதி குறித்ததும் போர்ச்சை உடைத்துத் தாழ்த்திவிடலாம் என்று முடிவு செய்தேன். கையில் ஐந்து வாரம் இருந்தது. தேதி குறித்துவிட்டுக் கான்கிரீட்டில் கை வைக்காதீர்கள். அவசரப்படுகிறவனிடம் யாரும் நிதானமாக விலை பேசுவதில்லை.

ஆளைக் கொண்டுவந்தது என் மச்சான். வெளியாள் எதற்கு, நம்ம பையன் ஒருத்தன் இருக்கிறான் என்றார். அந்தப் பையன் ஒரு மாலை வந்தான். சாக்கடை ஓரமாகக் குனிந்து பார்த்தான், காலால் இரண்டு தட்டுத் தட்டினான். "பார்த்தாலே தெரியுது அண்ணே, நாலு இஞ்ச்தான். ரெண்டு நாள் வேலை" என்றான். மூன்று லோரி நடை உட்பட 4,800 வெள்ளி. நான் தலையாட்டினேன். தாளில் எதுவும் எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டபோது மச்சான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

என் தவறு அந்தக் குனிந்து பார்த்தலில் இருக்கிறது. சாக்கடை ஓரத்தில் தெரிந்தது 2007இல் ஊற்றிய மேல் அடுக்கின் விளிம்பு மட்டும். அதற்குக் கீழே இருந்த இரண்டு அடுக்கையும் சாக்கடைச் சுவரின் பூச்சு மறைத்திருந்தது. ஓரத்தைப் பார்த்துத் தடிப்பைச் சொல்வது ரொட்டியின் மேல்தோலைப் பார்த்து அது எத்தனை துண்டு என்று சொல்வது போல. அடியில் 1984ஆம் வருடத்து வீட்டோடு வந்த தளம் 4 அங்குலம், அதன்மேல் 3, அதன்மேல் 4. மொத்தம் 11.

கணக்கைப் பாருங்கள். போர்ச் 20 அடிக்கு 22 அடி, அதாவது 440 சதுர அடி. 4 அங்குலத் தடிப்பென்றால் 147 கன அடி. 11 அங்குலமென்றால் 403 கன அடி. கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,400 கிலோ எடை. நாங்கள் விலை பேசியது சுமார் 10 டன்னுக்கு. வாசலில் கிடந்ததோ 27 டன். மூன்று டன் லோரியில் மூன்று நடையில் முடியும் என்றது ஒன்பது நடை ஆனது. கான்கிரீட் உடைந்ததும் ஊதிப் பெருக்கும், ஒன்றரை மடங்கு இடத்தை அடைக்கும். குவியலைப் பார்த்த பக்கத்து வீட்டார் இரண்டு வீட்டை இடித்தோம் என்றே நினைத்தார்கள்.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு துளை. அவ்வளவுதான். சுத்தியல் டிரில்லில் 16 மில்லிமீட்டர் தடிப்பில் ஓரடி நீள பிட் மாட்டி, கேட் அருகே ஒன்று, நடுவில் ஒன்று, கூடத்து வாசலருகே ஒன்று என மூன்று இடத்தில் துளையுங்கள். வெளியே வரும் தூள் சாம்பல் நிறமாக இருக்கும்வரை கான்கிரீட். பிட் திடீரென்று வழுக்கி இறங்கி, தூள் பழுப்பாகிவிட்டால் மண் வந்துவிட்டது. பிட்டில் அடையாளம் போட்டு அளந்துகொள்ளுங்கள். நடுவில் தூளின் நிறம் மாறி மறுபடி சாம்பலானால் அங்கே இன்னொரு அடுக்கு இருக்கிறது. பிட் இறங்காமல் கிறீச்சிட்டால் கம்பி, அரை அடி தள்ளிப் போடுங்கள். தண்ணீர் மீட்டரிலிருந்து வீட்டுக்குள் போகும் குழாய் எந்தப் பக்கம் போகிறதென்று ஊகித்து அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடுங்கள். அரை மணி நேர வேலை. துளையைப் பிறகு ஒரு கைப்பிடி சிமெண்டால் மூடிவிடலாம். கிடைத்த அளவை வைத்து, "போர்ச்சை உடைக்க இவ்வளவு" என்று பேசாமல் கன அடிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். அப்புறம் தடிப்புக் கூடினாலும் குறைந்தாலும் சண்டை வராது.

வேலை ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது. அந்தப் பையன் கிரியான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பேராக்கில் இருக்கிறவன். அங்கே சனி, ஞாயிறு விடுமுறை. கெடாவில் வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை ஆரம்பித்தால் மாவட்ட மன்ற அலுவலகமும் மூடியிருக்கும், எந்தத் தொந்தரவும் இல்லை என்றான். எனக்கு அது சாமர்த்தியமாகப் பட்டது. நமக்கே ஏதாவது கேட்க வேண்டி வந்தால் அன்றைக்கு ஒருத்தரும் இருக்க மாட்டார்கள் என்பது அப்போது தோன்றவில்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள். அனுமதி விஷயத்தை முந்தைய வாரமே செர்டாங்கில் மாவட்ட மன்றத்தில் கேட்டு முடித்துவிடுங்கள்.

கையில் பிடித்து உடைக்கும் மெஷினோடு இரண்டு பேர் வந்தார்கள். மத்தியானம்வரை மேல் அடுக்கைக்கூடத் தாண்டவில்லை. அடியில் இன்னொரு தளம் தெரிந்ததும் பையன் என்னைக் கூப்பிட்டான். அப்பா 1995இல் கம்பி வாங்கக் காசில்லாமல் கையில் கிடைத்த இரும்பையெல்லாம் போட்டிருந்தார். பழைய குழாய், கேட்டின் உடைந்த சட்டம், முழுசாக ஓர் இரும்புக் கட்டில். கட்டிலின் கால் ஒன்று கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றது. அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கட்டிலு எங்க போச்சுன்னு நான் முப்பது வருசமா யோசிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பையன் மட்டும் சிரிக்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் சின்ன எக்ஸ்கவேட்டரில் உடைப்பான் மாட்டிக் கொண்டுவந்தான். இங்கேதான் ஒரு தவறு இரண்டாவது தவறைப் பெற்றது. எங்கள் போர்ச்சும் பக்கத்து வீட்டுப் போர்ச்சும் ஒட்டிக் கிடந்தவை. உடைக்கும் முன் எல்லையில் வைரப்பல் வாளால் நேராக அறுத்துப் பிரித்துவிட வேண்டும், அப்போதுதான் அதிர்வு அந்தப் பக்கம் போகாது. அவன் அறுத்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவனுடைய 14 அங்குல வட்டவாள் ஐந்து அங்குலத்துக்கு மேல் இறங்காது. மீதி ஆறு அங்குலம் அறுபடாமல் கிடந்தது. எக்ஸ்கவேட்டர் தட்டிய ஒவ்வொரு தட்டும் நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போனது. மாலையில் பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வந்து, குரலை உயர்த்தாமல், "ரெத்தாக்", அதாவது விரிசல், என்று ஒரே வார்த்தை சொன்னார். போய்ப் பார்த்தேன். அவர் கூடத்துச் சுவரில் மூன்றடிக்கு விரிசல், கீழே நான்கு ஓடு பெயர்ந்திருந்தது.

அந்த விரிசல் பழையது என்று மச்சான் வாதாடினார். இருக்கலாம். ஒரு பகுதி பழையதாகவே இருந்திருக்கலாம். ஆனால் வேலைக்கு முந்தின நாள் அங்கிள் வீட்டுச் சுவரை நான் போட்டோ எடுத்து வைக்கவில்லையே, எதைக் காட்டிப் பேசுவது? 1,200 வெள்ளி கொடுத்தேன். நாற்பது வருடம் ஒரே சுவரைப் பங்கிட்டவர். தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்தால் சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு வரும். இந்தப் பணத்தைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. நான் ஏமாந்துவிட்டேன் என்று சொல்கிறவர்கள் அவரவர் பக்கத்து வீட்டோடு எப்படி இருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

தண்ணீர்க் குழாயும் உடைந்தது. அதை நீட்ட வேண்டாம். மீட்டர் வால்வு துருப்பிடித்துத் திரும்பவில்லை, இரண்டு மணி நேரம் வாசல் குளமாக இருந்தது, செலவு 380. முந்தின நாளே வால்வைத் திருகிப் பார்த்துவிடுங்கள். தூசு பறக்காமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைக்கச் சொல்லுங்கள், கான்கிரீட் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. பின்கட்டில் உங்களுக்கும் பழைய அலைத் தகட்டுக் கூரை இருந்தால், அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். இதே ஆட்களை விட்டு அதையும் சேர்த்துத் தட்டிவிடாதீர்கள். என் பின்கட்டுக் கூரையை நான் தொடவிடவில்லை. பயந்தவன் என்றார்கள், இருக்கட்டும்.

ஆறாவது நடையில் வந்தது பெரிய பிரச்சினை. கூடுதல் நடைக்குப் பணம் பேசிக்கொண்டிருந்தபோது பையன் சொன்னான், "அண்ணே, பாலத்தைத் தாண்டிக் கொட்டிட்டா யாரு கேக்கப் போறா?" கிரியான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கெடா, அந்தப் பக்கம் பாரிட் புந்தார், பேராக். சற்றுத் தள்ளி நிபோங் திபால், பினாங்கு. மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் மூலை எங்களுடையது. திடக்கழிவுச் சட்டம், அதாவது 672ஆம் சட்டம், கெடாவில் 2011 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பேராக்கும் பினாங்கும் அதை ஏற்காத மாநிலங்கள். அதனால்தான் பாலத்தைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்று இந்த மாதிரி ஆட்கள் நினைக்கிறார்கள். அங்கேயும் ஊராட்சிச் சட்டம் உண்டு, சாக்கடையில் கொட்டினால் சம்மன் வரும். இங்கேயோ கண்ட இடத்தில் கட்டடக் கழிவைக் கொட்டினால் 10,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளிவரை அபராதம், ஆறு மாதம் முதல் ஐந்து வருடம்வரை சிறை, அல்லது இரண்டும்.

நான் முடியாது என்றேன். இந்த முழுக் கதையில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்பதால் கொஞ்சம் பெருமையோடே சொல்லிக்கொள்கிறேன். முதல் ஐந்து நடை எங்கே போனது என்று கேட்டேன், பதில் வரவில்லை. அந்த ஐந்தைப் பற்றி நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. மீதி நான்கு நடையும் அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும், கொட்டிய இடத்து ரசீதைக் காட்டினால்தான் நடைக்குப் பணம் என்று நிறுத்தினேன். நான்கு ரசீதும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் முதல் நடையிலிருந்தே அப்படிச் செய்யுங்கள். உடைக்க எவ்வளவு, ஏற்றிக் கொட்ட எவ்வளவு என்று இரண்டு விலையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழிவு உங்கள் வீட்டுக் கழிவு. தேடி வந்தால் உங்கள் கேட்டைத்தான் தட்டுவார்கள்.

கடைசிக் கணக்கு இது: பேசிய தொகை 4,800, கூடுதல் உடைப்புக்கு 3,500, ஆறு கூடுதல் நடைக்கு 250 வீதம் 1,500, குழாய் 380, பக்கத்து வீடு 1,200. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். 50,000 வெள்ளிவரையிலான வழக்கை எடுத்துக்கொள்கிறார்கள், கட்டணம் ஐந்தே வெள்ளி, வக்கீலும் தேவையில்லை. வாய்ப்பேச்சு ஒப்பந்தமென்றாலும் கேட்பார்களாம். தெரிந்தும் போகவில்லை. பரிசத்துக்கு மூன்று வாரம் இருந்தது, மாமன் தட்டை ஏந்த வேண்டியவர் அதே மச்சான். அதுவும் போக, பையன் கேட்ட கூடுதல் பணத்தில் பாதி நியாயம்தான். 27 டன்னை 10 டன் விலைக்கு யார் உடைப்பார்கள்? அவன் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை. ஆனால் அளப்பது என் தொழில்.

பரிசம் குறித்த நாளில் நல்லபடி நடந்தது. புதுப் போர்ச் கூடத்தைவிட ஐந்து அங்குலம் கீழே இருக்கிறது, கேட் ஓரத்தில் இரும்புச் சட்டம் போட்ட சாக்கடை தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. பழைய இரும்பை விற்றதில் 64 வெள்ளி கிடைத்தது. கட்டில் காலை மட்டும் அம்மா விற்கவிடவில்லை.

எல்லாம் முடிந்தபிறகு 180 வெள்ளிக்கு ஒரு சுத்தியல் டிரில் வாங்கி வைத்திருக்கிறேன், ஓரடி பிட்டோடு. செர்டாங், லூபோக் புந்தார், பாகான் சாமாக் பக்கம் யாராவது அப்பா ஊற்றிய வாசலை உடைக்கப் போகிறீர்கள் என்றால் வந்து வாங்கிக்கொண்டு போங்கள். வாடகை வேண்டாம். விலை பேசும் முன்னால் வாருங்கள்.