மரத்தளமும் எண்ணெய்ச் சாயமும்

அமெரிக்க நாட்டில் பல வீடுகளின் பின்புறத்தே மரப்பலகைகளால் அமைந்த திறந்த தளம் ஒன்றைக் காணலாம். கோடைக்காலத்தில் வீட்டார் அங்கு அமர்ந்து உண்பர், உரையாடி மகிழ்வர். கூரையின்மையால் அத்தளம் வெயிலுக்கும் மழைக்கும் பனிக்கும் இலக்காகிறது.

வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள், மர இழைகளைப் பிணித்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. அதனால் பலகை சாம்பல் நிறம் எய்துகிறது. நீரை உறிஞ்சிப் பருத்தும், உலர்ந்து சுருங்கியும் அது வெடிப்புறுகிறது. ஈரம் நீங்காது தங்கினால் பூஞ்சணம் பற்றி இற்றுப்போகிறது. இக்கேடுகளைத் தடுக்கவே எண்ணெய்ச் சாயம் பூசுகின்றனர்.

வண்ணப்பூச்சு பலகையின்மேல் தோல்போலப் படிவது. எண்ணெய்ச் சாயமோ மரத்தினுள் ஊறுவது. ஆதலின் முதற்கண் பழைய பூச்சையும் அழுக்கையும் போக்கி, பலகையைக் கழுவி, நன்கு உலரவிடுதல் வேண்டும். ஈரப்பலகை எண்ணெயை ஏற்காது. வெயில் தணிந்த வேளையில், இழை ஓடும் திசையிலேயே மெல்லியதாகப் பூசுவர். பலகையின் முனைகள் நீரை மிகுதியாக உறிஞ்சுவன. ஆகவே அவற்றைத் தவறாது நனைப்பர். ஊறாது எஞ்சிய சாயத்தைத் துணியால் துடைத்தெடுப்பர்.

அத்துணியே பேரிடருக்குக் காரணமாதலும் உண்டு. ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி இறுகுகின்றன. அப்போது வெப்பம் பிறக்கிறது. பலகையில் அவ்வெப்பம் காற்றிலே பரவி மறையும். கசங்கிய துணிக் குவியலிலோ, வெளியேற வழியின்றிப் பெருகும். நெருப்பு இடாமலே துணி தீப்பற்றும்.

1991ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்றின் 22ஆம் மாடியில் தீ மூண்டது. மரச்சுவர்ப் பலகைகளுக்கு மெருகிட்டோர் விட்டுச் சென்ற எண்ணெய்த் துணிகளே அதற்கு வித்தாயின. தீயணைப்பு வீரர் மூவர் உயிர் துறந்தனர். 30ஆம் மாடியிலிருந்த தானியங்கு நீர்த்தெளிப்பான்கள் இயங்கிய பின்னரே தீ மேலேறுவது நின்றது.

எனவே எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தல் ஆகாது. அவற்றைத் திறந்த வெளியில் தனித்தனியே விரித்து உலர்த்துதல் வேண்டும். அன்றேல் நீர் நிறைந்த உலோகக் கலத்தில் இட்டு மூடிவைத்தல் வேண்டும். பலகை பளபளத்த அளவில் தொழில் முற்றுப்பெறுவதில்லை. துடைத்த துணிக்கும் ஆவன செய்த பின்னரே அது முற்றுப்பெறுகிறது.