பாடிப் பார்த்த பிறகே மைக்

எனக்கு வரிகள் முதலில் வருவதில்லை. மெட்டுதான் வரும், அதுவும் அர்த்தமில்லாத தத்தகாரமாக, வாய்க்கு வந்தபடி. வந்த வேகத்திலேயே செல்போனில் பதிந்துவிட்டு, சில நாட்கள் அந்தப் பக்கமே போகமாட்டேன். பைக் ஓட்டும்போது அது தானாக வாயில் வந்தால் வேலையைத் தொடங்குவேன். போனைத் திறந்து கேட்டால்தான் ஞாபகம் வருகிறது என்றால், அது போனிலேயே கிடக்கட்டும். அப்படிக் கிடப்பவை ஏராளம்.

மெட்டுக்குச் சொல் போடுவதில்தான் பாதி ஆயுள் போகிறது. விஸ்வநாதன் மெட்டுக்குக் கண்ணதாசன் வரி சொன்னதை எளிதாகப் பேசிவிடுகிறோம். பேனாவோடு உட்கார்ந்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். ஸ்வரம் நீளும் இடத்தில் குறிலை வைத்து இழுத்தால் ‘மலை’ ‘மாலை’யாகும், ‘படம்’ ‘பாடம்’ ஆகும். அதனால் எழுதுவதற்கு முன் மெட்டைத் திரும்பக் கேட்டு, எங்கே நீள்கிறது, எங்கே வெட்டுகிறது என்று தாளில் கோடு போட்டுக்கொள்வேன். நீண்ட கோட்டுக்கு நெடில். நெடில் அமையாவிட்டால் ம், ன், ல் போல இழுக்க இடம் கொடுக்கும் ஒற்று. க், ட், ப் வந்தால் ஸ்வரம் அங்கே நிற்காது, அடைத்துக்கொள்ளும். மேல்ஸ்தாயியில் ‘இ’யும் ‘உ’வும் என் குரலை இறுக்கும், ‘ஆ’ திறந்துவிடும். உங்கள் குரலுக்கு எது ஒத்துவருகிறது என்பதை நீங்கள்தான் பாடிக் கண்டுபிடிக்க வேண்டும். எவ்வளவு நல்ல வரியானாலும் வாய் மறுத்தால் வரியைத்தான் மாற்றுவேன், மெட்டைத் தொடமாட்டேன். கவிதை எழுதும் நண்பர்கள் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். தாளில் படிக்க அவை நல்ல வரிகள்தான், யார் இல்லை என்றார்கள்?

அடுத்தது கட்டை. ஆண் குரலுக்கு ஒரு கட்டை, பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை என்று பொதுவாக ஒரு கணக்கு இருக்கிறது. கீபோர்டில் சி, ஜி, ஜி ஷார்ப். அதை அப்படியே நம்பி இறங்க வேண்டாம். பல்லவி சுகமாகப் போகும். சரணத்தில் மெட்டு ஏறும்போது கழுத்து நரம்பு புடைக்கும். பாட்டிலேயே மிக உயர்ந்த வரியைக் காலையில், தொண்டை திறக்காத நேரத்தில் பாடிப் பார்த்து முடிவு செய்கிறேன். கிடாரையும் கீபோர்டையும் பதிந்த பிறகு கட்டையை மாற்ற மென்பொருளில் வழி இருக்கிறது. ஆனால் கிடாரின் நாதம் சப்பென்று ஆகிவிடும்.

வேகத்துக்கு நான் வைத்திருக்கும் வழி, முதல்நாள் போன் பதிவு. அதைப் போட்டு, கையால் தட்டி வேகத்தை அளந்து, கிளிக் டிராக்கை அதே எண்ணில் வைப்பேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யோசித்து வைக்கும் வேகம் எனக்கு எப்போதும் கூடுதலாகத்தான் அமைகிறது.

1992இல் ‘ரோஜா’ வருவதற்கு முன்பே ரஹ்மான் கோடம்பாக்கம் வீட்டில் சொந்த ஸ்டூடியோ வைத்திருந்தார். இன்று ஒரு லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், கண்டென்சர் மைக் இருந்தால் யாரும் தொடங்கலாம். சிக்கல் கருவியில் இல்லை, அறையில். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கும். பலர் மைக்குக்குப் பின்னால் பஞ்சு ஒட்டுகிறார்கள். கார்டியாய்டு மைக் அந்தப் பக்கத்தை அதிகம் கேட்பதே இல்லை. அது கேட்பது பாடுபவரையும் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். ஆகவே ரஜாயைத் தொங்கவிட வேண்டிய இடம் உங்கள் முதுகுப்பக்கம். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். சென்னையில் மே மாதம் பாட்டுப் பதிவதற்கான மாதமல்ல. ரஹ்மான் இரவில் வேலை செய்வது ஊரறிந்த கதை. நான் இரவில் பதிவதற்குக் காரணம் கலையல்ல, தெருவில் போகும் ஒலிபெருக்கி வண்டிகள்.

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றால் போதும். நெருங்க நெருங்க அடிக்குரல் தடித்துக்கொண்டே போகும். மைக்கைச் சற்றே சாய்த்து வைத்தால் ‘ப’வின் காற்று நேராக அடிக்காது. 24 பிட்டில் பதியும்போது அளவைச் சிவப்பு வரை ஏற்றத் தேவையில்லை. உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். பஃபர் 128 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதனால் வரும் தாமதம் 3 மில்லிவிநாடிக்கும் குறைவு. அதையே 512 ஆக்கினால் 10ஐத் தாண்டும். ஹெட்போனில் தன் குரலே தாமதமாக வந்தால் நல்ல பாடகரும் தாளத்தில் தடுமாறுவார். முதலில் பாட்டை முழுதாகப் பாடிவிட்டு, பிறகுதான் வரிவரியாகச் சரிசெய்வேன். துண்டு துண்டாகத் தொடங்கினால் மூச்சு ஒட்டாது.

மிக்ஸிங் பற்றி எனக்குப் பெரிய தத்துவம் ஏதும் கிடையாது. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் அளவுக்குக் கொண்டுவருவதால் சத்தத்தில் போட்டி போட்டுப் பயனில்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான். போன் ஸ்பீக்கரில் மெதுவாகப் போட்டு, பாட்டை அதுவரை கேட்காத ஒருவரை வரியைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். பெரும்பாலும் அம்மாதான். அவர் வேறு சொல்லாகக் கேட்ட இடத்தில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் ஓடவிடுவேன். இப்போது சொல் தெளிவாக இருந்தால் கீபோர்டு குரலை மூடுகிறது என்று அர்த்தம். அதை அந்த வரியில் மட்டும் இறக்கினால் சரியாகிவிடும். தனியாகவும் தெளியவில்லை என்றால் ரஜாயை மறுபடி மாட்டிவிட்டு அந்த வரியைத் திரும்பப் பாடுவேன், சில சமயம் வேறு சொல்லோடு.