சாணிக் கரைசலுக்கு அடங்காத அம்மோனியா

கழிவுநீரில் உள்ள அம்மோனியா இரண்டு கட்டங்களில் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரோசோமோனாஸ் வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கும்; நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா வகைகள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இவை கரிமக் கழிவைத் தின்று வளர்பவை அல்ல. அம்மோனியாவிலும் நைட்ரைட்டிலும் ஆற்றல் எடுத்து, கரியமில வாயுவைக் கொண்டு உடல் வளர்ப்பவை. இத்தகைய வாழ்க்கை முறை உண்டு என்பதை 1890 வாக்கில் நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி நிறுவினார். இரண்டு கட்டங்களையும் தானே முடித்துவிடும் நைட்ரோஸ்பைரா வகை 2015இல்தான் தெரியவந்தது.

கேரளத்தின் மூணாறு விடுதிகள் முதல் பாலக்காட்டுக் கஞ்சிக்கோடு தொழிற்கூடங்கள் வரை, சுத்திகரிப்பு நிலையம் உள்ள இடமெல்லாம் ஒரு நம்பிக்கை விடாமல் உலவுகிறது: அம்மோனியா ஏறினால் சாணியைக் கரைத்து ஊற்று, அல்லது ஒரு பாக்கெட் கல்ச்சர் பொடி போடு. வடிகட்டிய தவறு இது. சாணியில் பெருவாரியாக இருப்பவை காற்றில்லாமல் வாழும் குடல் நுண்ணுயிர்கள். போதாக்குறைக்குச் சாணியே புதிய கரிமச் சுமையையும் நைட்ரஜனையும் தொட்டியில் சேர்க்கிறது. அதைத் தின்னும் மற்ற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை முதலில் உறிஞ்சிவிட, நைட்ரோசோமோனாஸ் பட்டினி கிடக்கும். உலர்ந்த பொடியின் கதையும் இதுவே. அதில் பெரும்பாலும் இருப்பது பேசில்லஸ். வித்துறை கட்டிக்கொண்டு பாக்கெட்டுக்குள் உறங்கக்கூடியது. நைட்ரோசோமோனாஸுக்கும் நைட்ரோபாக்டருக்கும் வித்து உண்டாக்கும் திறன் கிடையாது. தொட்டிக்கு விதை போட்டே ஆக வேண்டுமானால், நன்றாக ஓடும் வேறொரு நிலையத்தின் கசடைக் கொண்டுவருவதே வழி.

விதை இருந்தும் வேலை நடக்காததற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும். இந்த நுண்ணுயிர்கள் இரட்டிப்பாக நல்ல வெப்பநிலையிலேயே ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். கசடை அவசரமாக வெளியேற்றினால் வளர்வதற்குள் அவையும் போய்விடும். ஜனவரியில் புல்மேல் உறைபனி படியும் மூணாறில் வளர்ச்சி இன்னும் மந்தம். அங்கே கசடைப் பாலக்காட்டைவிடக் கூடுதல் நாள் தொட்டியில் நிறுத்த வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. மின்கட்டணத்துக்குப் பயந்து இரவு முழுக்கக் காற்றூதும் புளோயரை அணைத்துவிட்டு, காலையில் சாணி வாளியைத் தூக்குவதில் பயனில்லை.

அதிகம் கவனிக்கப்படாதது காரத்தன்மை. அதே ஒரு கிராமுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மை தீர்கிறது. லிட்டருக்கு 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 214 மில்லிகிராம் வேண்டும். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கடின நிலத்தடி நீரில் இது பெரும்பாலும் சிக்கலாகாது. மழைநீர் ஓடிவரும் மலைப்பகுதி ஓடைகளின் மென்னீரில் காரத்தன்மை குறைவு; பிஹெச் 6.5க்குக் கீழே இறங்கினால் மாற்றம் வெகுவாகத் தளர்ந்துவிடும். அம்மோனியா சேர்த்துப் பாதுகாக்கப்படும் ரப்பர் பாலின் கழிவுநீர் வரும் ஆலைகளில் தேவை இன்னும் ஏறும்.

மற்றவை சில்லறை நம்பிக்கைகள். தண்ணீர் தெளிந்தால் அம்மோனியா போய்விட்டது என்பது பொய். கரைந்த அம்மோனியாவுக்கு நிறமே இல்லை. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் தொட்டியைச் சுத்தமாக்கும் என்பது அபத்தம். அளவு மீறினால் முதலில் சாவது இந்த நுண்ணுயிர்கள்தான். நைட்ரேட் ஆனதோடு வேலை முடிந்தது என்பதும் சரியல்ல: குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கிணற்றடியில் ஊறவிடும் முன் ஆக்சிஜன் இல்லாத தொட்டி வழியாக அதை நைட்ரஜன் வாயுவாக்க வேண்டும். அப்போது இழந்த காரத்தன்மையில் பாதி திரும்பக் கிடைப்பது உபரி லாபம்.

ஒவ்வொரு நிலையத்திலும் பொடிப் பாக்கெட் இருக்கும் அலமாரியில் ஒரு பியூரெட் இருக்க வேண்டும். 100 மில்லி மாதிரியில் இரண்டு சொட்டு மெத்தில் ஆரஞ்சு விட்டு, மஞ்சள் நிறம் ஆரஞ்சாக மாறும்வரை 0.02 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் காரத்தன்மை. வெளியேறும் நீரில் அது 50க்குக் கீழே போனால் அன்றே சோடியம் பைகார்பனேட் சேர்க்க வேண்டும்.